முந்தானை பட்டதா?

விஜயநகர், மைசூரு
12 ஜனவரி 2025

நிர்மலாவுக்கு,

உன் முகவரியை உன் வங்கியின் ஓய்வுபெற்றோர் சங்கத்தில் கேட்டு வாங்கினேன். கொள்ளேகால் என்றார்கள். பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்துகொண்டு முப்பத்தேழு ஆண்டுகள் நாம் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அது தானாக நடக்கக்கூடியதல்ல. அதற்கு உழைப்பு வேண்டும், இருவரும் உழைத்திருக்கிறோம்.

நலம் விசாரிக்கப் போவதில்லை. நம் வயதில் அதற்கு வரும் பதில் மருத்துவ அறிக்கையாக நீண்டுவிடும். தொலைபேசாமல் எழுதுவதற்குக் காரணம் என் காது. எதிர்முனையில் பேசுவது நீயா, கடன் அட்டை விற்கும் பெண்ணா என்று எனக்குத் தெரியாது.

விஷயம் இது. நம் கிளப்புக்கு மார்ச் 9 அன்று பொன்விழா. செயலர் மனோஜ்குமார் என்னும் இளைஞர் வந்திருந்தார். "எய்ட்டி எய்ட் ஃபைனலைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்க மேடம், த்ரில்லிங்கா இருக்கணும்" என்றார். அந்த ஆண்டில் அவர் பிறந்தே இருக்கமாட்டார்.

கிளப் கூடத்துப் பலகையில் மகளிர் ஸ்னூக்கர் சாம்பியன் என்று என் பெயர் நான்கு முறை பொன் எழுத்தில் இருக்கிறது. பின்னால் வந்த மூன்றை விட்டுவிடு. நீ ஆடாத போட்டிகளில் வென்றது, ஒரே ஆள் எழுதிய பரீட்சையில் முதலிடம் வந்ததைப் போன்றது. கணக்கில் வருவது முதல் வெற்றி மட்டுமே. அதைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம்.

நடந்ததை எழுதுகிறேன். மறுப்பதானால் வரிவரியாக மறு.

கடைசி ஆட்டம். மேசையில் மிச்சம் பிங்க், கறுப்பு என்று இரண்டே பந்துகள். நீ நான்கு புள்ளி முன்னால் இருந்தாய். பிங்க்கை மேசையோரப் பையில் போட்டால் கோப்பை உனக்கு. போட்டாய். கூட்டம் கைதட்டியது. உனக்குக் கைகொடுக்க நான் நாற்காலியிலிருந்து எழுந்தும்விட்டேன். அப்போது நீ நடுவரிடம் திரும்பி, "ஃபவுல் சார். என் முந்தானை கறுப்புல பட்டுடுச்சு" என்றாய். அவர் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. உடை பந்தில் பட்டால் தவறு என்பது விதி; கறுப்பின் ஏழு புள்ளியும் எனக்கு வந்தது; பிங்க் மறுபடி மேசைக்கு வந்தது; நான் அதைப் போட்டேன். கோப்பை எனக்கு.

வைத்யநாதன் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்த சமயம் அது. கணவனை இழந்தவள் க்யூ கோலைத் தூக்கிக்கொண்டு ஆட வந்துவிட்டாள் என்று மண்டபம் முழுவதும் என்னை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது.

ஆகவே என் ஒரே கேள்வி: முந்தானை உண்மையாகவே பட்டதா, அல்லது கோப்பையை எனக்குத் தானம் செய்தாயா? பட்டது என்றால் பேசுவேன். தானம் என்றால் பலகையில் அந்தப் பெயரை அழிக்கச் சொல்வேன். இந்த வயதில் தானப் பொருளை வைத்துக்கொண்டு மேடையேற எனக்கு விருப்பமில்லை.

அன்னபூர்ணி


கொள்ளேகால்
20 ஜனவரி 2025

அன்னபூர்ணி மேடத்துக்கு நிர்மலாவின் வணக்கம்.

பட்டது.

இதற்கு மேல் என்ன எழுதுவது என்று யோசித்தேன். ஒரு சொல்லுக்கு ஒரு தபால்தலை ஒட்டுவது அநியாயமாக இருந்ததால் கொஞ்சம் சேர்க்கிறேன்.

மகன் தருண்குமார் அவன் அப்பாவின் பட்டுக் கடையைப் பார்த்துக்கொள்கிறான். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. மருமகள் வைஷாலி நல்ல பெண். அவளுக்குக் கன்னடம்தான் ஓடும், தமிழ் படிக்க வராது. தருண் தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. அதனால் இந்த வீட்டில் என் கடிதங்களைப் பூட்டிவைக்க வேண்டிய அவசியமில்லை. மேசைமேல் விரித்துப் போட்டாலும் பத்திரம்.

என் க்யூ இன்னும் இருக்கிறது. கட்டிலில் கொசுவலை கட்ட உதவுகிறது.

நீங்கள் விசாரிக்காவிட்டால் போகிறது, நான் விசாரிக்கிறேன். நலமா? மருத்துவ அறிக்கையே வரட்டும். படிக்க நேரம் நிறைய இருக்கிறது.

நிர்மலா


விஜயநகர், மைசூரு
27 ஜனவரி 2025

நிர்மலாவுக்கு,

சுருக்கமாகச் சொன்னால் உண்மையாகிவிடும் என்று உனக்கு யார் சொன்னார்கள்?

நான் பார்த்தேன். என் நாற்காலி மேசைக்கு நேர் எதிரே இருந்தது. நீ குனிந்தபோது உன் முந்தானைக்கும் கறுப்புப் பந்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஒரு விரற்கடையாவது இடைவெளி இருக்கும். நாற்பது வருடம் தாவரவியல் கற்பித்தவள் நான்; இலைக்கும் காம்புக்கும் நடுவில் இருப்பதைப் பார்த்துச் சொல்வது என் தொழில். அன்று மாலை படிக்கட்டில் உன்னிடம், "எனக்குப் பிச்சை போடாதே" என்றேன். அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுவதற்கான ஆதாரம் எதையும் நீ இதுவரை தரவில்லை.

உன் கையெழுத்துக்கு என்ன வந்தது? சேற்றில் எருமை நடந்ததைப் போல ஒரு பக்கத்துக்கு ஆறு வரி. வங்கியில் உன் எழுத்தைக் காட்டித்தான் மற்றவர்களைத் திட்டுவார்கள் என்று பெருமை பேசுவாயே. தாள் இலவசமாகக் கிடைக்கிறதா?

என் அறிக்கையைக் கேட்டாய். காது சொன்னேன். முழங்கால், கேட்காதே. சுஹாஸ் டொரொண்டோவில் இருக்கிறான்; ஞாயிறுதோறும் கணினித் திரையில் வந்து வாயசைக்கிறான்; நான் தலையசைக்கிறேன். வீட்டு வேலைக்குக் கனகா வருவாள். அவள் வராத நாளில் என் குரல் எனக்கே மறந்துவிடும்.

கிளப்பின் சாவி எனக்குக் கொடுத்திருக்கிறார்கள், மரியாதைக்காக. போவதில்லை. ஒற்றையாக ஆடினால் தோற்கவும் ஆளில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பெண்களுக்கு என்று அவர்கள் ஒதுக்கிய செவ்வாய் மதியத்தில் மேசைக்கு வந்தவர்கள் நீயும் நானும் மட்டும்தானே. இறுதிப் போட்டிக்கு அடுத்த செவ்வாய், நீ இருப்பாய் என்று நான் போகவில்லை. பிறகு கேள்விப்பட்டேன், நீயும் வரவில்லையாம். விளக்கைப் போட்டு, பச்சை விரிப்பைத் தேய்த்து வைத்து, மேசை அன்று மதியம் முழுவதும் சும்மா கிடந்திருக்கிறது.

அன்னபூர்ணி


கொள்ளேகால்
6 பிப்ரவரி 2025

நான்கு முறை சாம்பியன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாதென்றுதான் இருந்தேன். தருண் கேட்டான், "யாரும்மா அது, லெட்டர் வந்தா நாலு நாளைக்கு உம்முன்னு இருக்கீங்க?" பழைய சிநேகிதி என்றேன். "சிநேகிதியா, வட்டிக்காரியா?" என்றான்.

மண்டபம் முழுவதும் உங்கள்மேல் இரக்கப்பட்டது உண்மை. நான் படவில்லை. எனக்கு நேரமில்லை.

உங்களிடம் அப்போது சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்குக் கொள்ளேகால் கிளைக்கு மாற்றல் தயாராக இருந்தது. அவர் வீட்டு வியாபாரம் இங்கே, மாமியார் இங்கே, நான் வந்து சேர வேண்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். கோப்பையோடு வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் மைசூரிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று மேலாளர் சொல்லியிருந்தார். நான் அந்த ஊரில் இருப்பதற்கு வேறு காரணம் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. கோப்பை ஒன்றுதான். செவ்வாய் மதியம் எனக்கு இருந்த ஒரே மதியம்.

அதைப் போய் உங்களுக்குத் தானம் செய்தேன் என்கிறீர்கள். உங்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமென்று தோன்றியிருந்தால் ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கிக் கொடுத்திருப்பேன்.

பிறகு ஏன் வாயைத் திறந்தாய் என்று கேட்பீர்கள். அவரும் கேட்டார். சாகும்வரை கேட்டார். பட்டது, சொன்னேன். தும்மல் வந்தால் தும்முவதில்லையா, அப்படித்தான். யோசித்துச் செய்வதாயிருந்தால் செய்திருக்கவே மாட்டேன்.

அன்று நான் கட்டியிருந்தது புதுப் பட்டு. நம் ஊர் வழக்கப்படி அம்மா அதன் முந்தானை நூல்களை முடிந்து குச்சு கட்டிக் கொடுத்திருந்தாள். பந்தை அடிக்கிற நேரத்தில் தோளில் ஒரு சின்ன இழுப்பு. அவ்வளவுதான். நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து முந்தானை தெரிந்திருக்கும். கீழே தொங்கிய குச்சு தெரிந்திருக்குமா? தோள் என்னுடையது, மேடம்.

படிக்கட்டில் நீங்கள் என்னைப் பொய் சொன்னவள் என்றீர்கள். அதுவும் நல்ல எண்ணத்தோடு பொய் சொன்னவள். அதைவிட மோசமான வசவு எனக்குத் தெரிந்து இல்லை. எதிராளி சொல்லை எதிராளி நம்பாவிட்டால் நம் ஆட்டத்துக்கு மேசையைச் சுற்றி நூறு நடுவர் நிற்க வேண்டும்.

கொள்ளேகாலில் ஸ்னூக்கர் மேசை எதுவும் இல்லை. நான் அன்றைக்குப் பிறகு ஒரு பந்தையும் அடிக்கவில்லை.

பெயரை அழிப்பதானால் அழித்துக்கொள்ளுங்கள். ஆனால் என்னைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

நிர்மலா


விஜயநகர், மைசூரு
18 பிப்ரவரி 2025

நிர்மலாவுக்கு,

உன் கடிதத்தை நான் நம்பவில்லை. ஆகவே சோதித்துப் பார்த்தேன்.

இன்று செவ்வாய். என்னிடமிருந்த குச்சு கட்டிய பழைய பட்டைக் கட்டிக்கொண்டு, கனகாவையும் அழைத்துக்கொண்டு ஆட்டோவில் கிளப்புக்குப் போனேன். கனகா கோபிநத்தத்துக்காரி; எதற்கும் வியக்கமாட்டாள்; எனக்கும் கேட்கிற குரல் அவளுடையது. மேசையைப் பார்த்து, "ஏனுங்கம்மா, இத்தாப் பெரிய மேசை, உக்காந்து சாப்பிட ஒரு நாற்காலிகூட ஒட்டிப் போடலையே" என்று மட்டும் கேட்டாள். சுவரோரம் இருந்த நாற்காலியில், அன்று நான் இருந்த இடத்தில், அவளை உட்காரவைத்தேன்.

பந்துகள் அன்று இருந்த இடம் எனக்கு மறக்கவில்லை. பிங்க்கையும் கறுப்பையும் வைத்தேன். உன்னைப் போலக் குனிந்தேன். என் முழங்கால் சொன்னதை இங்கே எழுத முடியாது.

"இந்த வயசுல இதெல்லாம் எதுக்குங்கம்மா? உளுந்தீங்கன்னா யாரு தூக்கறது?"

"வாயை மூடிக்கொண்டு அந்தக் கறுப்புப் பந்தைப் பார்."

அடித்தேன். பிங்க் பைக்கு ஒரு முழம் தள்ளிப் போயிற்று. அதைப் பற்றி இப்போது பேச்சில்லை. என் தோளில் ஓர் இழுப்பு வந்தது. எறும்பு ஊர்ந்தால் எவ்வளவோ அவ்வளவு.

"பட்டதா?" என்றேன்.

"படலீங்கம்மா. நடுவால வெளிச்சந் தெரியுது."

"நன்றாகப் பார்த்தாயா?"

"அட, கண்ணு எனக்கு நல்லாத்தானுங் இருக்குது. நாந்தான் பாத்துட்டே இருந்தனே. படலைன்னா படலை."

அடித்த நிலையிலேயே கீழே பார்த்தேன். குச்சின் ஒரே ஒரு நூல் கறுப்பின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. கனகாவைக் கடிந்துகொள்ள வாய் திறந்தேன். அவள் சொன்னது, தொனி உட்பட, நான் இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்ததே என்பது உறைத்தது. மூடிக்கொண்டேன்.

இதனால் உன் முந்தானை அன்று பட்டது என்று நிரூபணம் ஆகிவிடவில்லை. பட்டிருக்கக்கூடும் என்பதுதான் நிரூபணம். மிச்சத்துக்கு உன் சொல் ஒன்றுதான் இருக்கிறது. எடுத்துக்கொள்கிறேன்.

மன்னிப்பு என்ற சொல்லை நான் துணைவேந்தரிடமே சொன்னதில்லை. இப்போது பழகினால் உச்சரிப்பு சரியாக வராது. அதற்குப் பதிலாக ஒன்று செய்கிறேன். விழாவில் பத்து நிமிடம் பேசமாட்டேன். நீ வந்தால், பேச்சுக்குப் பதில் நாம் ஓர் ஆட்டம் ஆடுவோம் என்று மனோஜ்குமாரிடம் சொல்லியிருக்கிறேன். "சூப்பர் மேடம்" என்றார். அவர் வாயில் வரும் ஒரே உரிச்சொல் அது.

நீ வராவிட்டால் நான் மேடையேறுவதாக இல்லை.

அன்னபூர்ணி


கொள்ளேகால்
25 பிப்ரவரி 2025

அன்னபூர்ணி மேடத்துக்கு,

எருமை நடந்த சேறு ஏன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு புகைப்பொட்டு. எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது. சுற்றியிருப்பதெல்லாம் ஓரளவு தெரியும். உங்களைப் பார்க்க வேண்டுமானால் உங்கள் காதுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்க்க வேண்டும். நிறங்களும் கலங்கிவிட்டன. போன மாதம் சிவப்பு என்று நினைத்துப் பழுப்பு நிற ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்வந்தேன். வைஷாலி திரும்பி வந்த பிறகுதான் சொன்னாள், பாவம், பயந்துகொண்டு.

உங்கள் கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்து எழுத்தெழுத்தாகப் படிக்கிறேன். ஒரு கடிதத்துக்கு ஒரு காலைப்பொழுது. படித்துக்காட்ட இந்த வீட்டில் ஆளில்லையே. உங்கள் எழுத்து கடுகு கடுகாக இருக்கிறது. இனிமேல் திட்டுவதானால் பெரிதாகத் திட்டுங்கள்.

ஸ்னூக்கர் மேசையில் பதினைந்து சிவப்பு, ஒரு பழுப்பு. எனக்கு இப்போது பதினாறு சிவப்பு. தப்பான பந்தை அடித்துக்கொண்டே இருப்பேன். மேடையில் ஒரு கண் தெரியாத கிழவியும் ஒரு காது கேளாத கிழவியும் நிற்பதைப் பார்த்து ஊர் மறுபடி இரக்கப்படும். உங்களுக்குத்தான் அது ஆகாதே.

கோபமில்லை. "எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்த வரியை மட்டும் இரண்டு காலைகள் படித்தேன். அந்தக் கடிதம் வந்த அன்று க்யூவைக் கொசுவலையிலிருந்து அவிழ்த்தேன். ராத்திரி முழுவதும் கொசு பிடுங்கிற்று. மறுபடி கட்டிவிட்டேன்.

நிர்மலா


விஜயநகர், மைசூரு
1 மார்ச் 2025

நிர்மலாவுக்கு,

பெரிதாக எழுதுகிறேன். ஆகவே குறைவாக எழுதுகிறேன்.

நிறம் தெரியாத ஆட்டக்காரர் கேட்டால் நடுவர் சொல்லியாக வேண்டும். அது விதி. நமக்கு நடுவர் வேண்டாம். நீ கேள், நான் சொல்கிறேன்.

ஊர் இரக்கப்படட்டும். எனக்குக் காது கேட்காது, உனக்கு முகம் தெரியாது. வசதிதான்.

கொசுவலைக்கு வேறு கம்பு பார்த்துக்கொள்.

அன்னபூர்ணி


கொள்ளேகால்
5 மார்ச் 2025

மேடம்,

ஞாயிற்றுக்கிழமை தருண் காரில் கூட்டிவருகிறான். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பிவிட வேண்டுமாம். இருட்டில் வண்டி ஓட்ட அவனுக்குப் பிடிக்காது.

முந்தானையைக் குத்திக்கொள்ள நல்ல ஊக்கு ஒன்று எடுத்து வையுங்கள். என்னிடம் இருப்பதெல்லாம் துருப்பிடித்துவிட்டன.

நிர்மலா


விஜயநகர், மைசூரு
11 மார்ச் 2025

நிர்மலாவுக்கு,

நீ போனபின் எழுத வேண்டியவை இருந்தன. எதிரில் இருக்கும்போது நான் அதிகம் பேசமாட்டேன் என்பதை நீ மறந்திருக்கமாட்டாய்.

முதல் சில நிமிடங்கள் நம்மைச் சுற்றி நின்று புகைப்படம் எடுத்தார்கள். மனோஜ்குமார் உன் காதில் கத்தினார். என் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார். யாருக்கு எது போயிற்று என்று கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு பிஸிபேளாபாத் வந்துவிட்டது என்று ஒருவர் சொல்ல, கூடம் காலியாயிற்று. உன் மகனும் போய்விட்டான். அதன்பிறகுதான் ஆட்டம் தொடங்கிற்று.

நீ தலையைக் கோணலாக வைத்துக்கொண்டு, பந்துக்குப் பக்கத்தில் இருக்கும் எதையோ பார்த்துக்கொண்டு அடித்தாய். பாதிக்குமேல் தவறின. விழுந்தவை பழைய விதமாகவே விழுந்தன. பையின் ஓரத்தைத் தொடாமல், சத்தமில்லாமல். எனக்கு எல்லாமே சத்தமில்லாமல்தான் விழுகின்றன, இருந்தாலும் வித்தியாசம் தெரிந்தது.

"மேடம், இது பிரவுனா, சிவப்பா?" என்று எனக்குக் கேட்கும்படி உரக்கக் கேட்டாய். சொன்னேன். ஒரு தடவைகூட நீ இரண்டாம் முறை கேட்கவில்லை. "நிச்சயமா?" என்று திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொன்ன மறுகணம் குனிந்தாய்.

மூன்றாவதோ நான்காவதோ முறை கேட்டபோது, நீ அடிக்க வேண்டியது சிவப்பு. உன் முன்னால் பையை ஒட்டி நின்றது பழுப்பு. சிவப்பு என்று சொல்லியிருந்தால் நீ அதையே அடித்திருப்பாய். புள்ளி எனக்கு வந்திருக்கும். உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. கனகாவும் அப்போது சாப்பிடப் போயிருந்தாள். "பழுப்பு" என்றேன். சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு தாமதித்தேன். நீ கவனித்தாயோ இல்லையோ தெரியாது. நீ அன்று நடுவரிடம் சொன்னபோது தாமதிக்கவில்லை.

ஐந்து மணிக்குத் தருண்குமார் வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டான். ஆட்டம் முடியவில்லை. என் ஊக்கு உன் தோளிலேயே போய்விட்டது, வைத்துக்கொள். வண்டியில் நீ ஏறியபின் அவன் என்னிடம் ஒரு தாளில் கன்னடத்தில் எழுதிக் காட்டினான், உன் கண்ணிடம் இனி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னாராம். உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

பலகையில் பெயர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இன்று செவ்வாய். மதியம் கிளப்புக்குப் போனேன். விளக்கைப் போட்டுவிட்டு, ஆடாமல், சுவரோர நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிராளியின் முறை நடக்கும்போது வேறென்ன செய்ய முடியும்? பந்துகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டிருந்தார்கள். கேட்டால் சிரிப்பார்கள் என்று நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் ஆட்டம் நின்ற இடம் எனக்கு நினைவிருக்கிறது. சிவப்பு எல்லாம் போயாயிற்று. பழுப்பு வலப்பக்க நடுப்பையை ஒட்டி. நீலம், பிங்க், கறுப்பு அவையவை இருக்க வேண்டிய இடத்தில். வெள்ளை கீழ்ப்புற விளிம்பில், உனக்குக் கைக்கு எட்டும் தூரத்தில். ஒன்பது புள்ளி நான் முன்னால். உன் முறை.

அடுத்த செவ்வாய் வா. இல்லையென்றால் அதற்கடுத்த செவ்வாய். ஆனால் நாள் தள்ளாதே. பந்துகளை இருந்த இடத்திலேயே வைத்துத் தருகிறேன். சரியாக வைத்திருக்கிறேனா என்பதற்கு என் சொல்லைத்தான் நீ நம்ப வேண்டியிருக்கும்.

அன்னபூர்ணி